தலைமுறைக் கொடையும் நிதி ஆலோசகரும்: ரொக்பெல்லர் குடும்ப வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1

கொடை என்பது தமிழிலக்கிய மாணவருக்குப் புதிய பொருளன்று. சங்கப் பாடல்களிற் கணிசமானவை கொடுப்போரையும் பெறுவோரையும் பற்றியனவே. ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், மறுமைப் பயனை எண்ணி அறத்தை விலைபேசும் வணிகன் அவனல்லன் என்று கூறுவதை நாம் அறிவோம். அவ்வாறு விலக்கிக் கூறவேண்டிய தேவை ஏற்பட்டமையே, கொடையைக் கொடுக்கல் வாங்கலாகக் கருதும் மனப்பாங்கு அக்காலத்திலேயே தலைகாட்டிவிட்டது என்பதற்குச் சான்றாகும். எனினும் அச்சமூகத்திற் கொடுப்போனும் பெறுவோனும் நேருக்கு நேர் நின்றனர். சோழர் காலத்தில் இந்நிலை பெரிதும் மாறிவிட்டது. நுந்தாவிளக்கு எரிப்பதற்கென விடப்பட்ட 90 அல்லது 96 ஆடுகளைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என வழங்குகின்றன. ஆடுகள் மூப்படையலாம், சாகலாம். ஆனால் அவற்றின் தொகை குறையக்கூடாது என்பதே இதன் கருத்து. கொடுத்தவர் மறைந்த பின்னரும் முதல் அழியாது நிற்க, அதன் பயன் மட்டும் செலவாகவேண்டும் என்ற ஏற்பாடு இங்குத் தெளிவாகவே காணப்படுகிறது.

முதலாளித்துவ சமுதாயத்தில் இதே ஏற்பாடு புதியதொரு வடிவத்தைப் பெறுகின்றது. கொடுப்போருக்கும் பெறுவோருக்கும் இடையில் மூன்றாம் மனிதர் ஒருவர் வந்து சேர்கிறார். செல்வத்தை எங்கே முதலிடுவது, எவ்வளவைக் கொடுப்பது, யாருக்கு எந்நிபந்தனையின் பேரிற் கொடுப்பது, பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அக்கொடையிற் பங்காளராக்குவது எவ்வாறு என்பனவற்றை அவரே வகுத்துரைக்கிறார். நிதி ஆலோசகர் என நாம் இன்று அழைக்கும் இவரது வரலாற்றுப் பாத்திரம் யாது? அவரால் ஆகக்கூடியது யாது, ஆகாதது யாது? இவ்வினாக்களை ஐக்கிய அமெரிக்காவின் ரொக்பெல்லர் குடும்ப வரலாற்றை ஆதாரமாகக்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இக்குடும்பத்தைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணங்கள் இரண்டு. தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த கொடைக்கு இதனைப்போல விரிவான ஆவணச் சான்றுடைய பிறிதோர் உதாரணம் காண்பதரிது. மேலும், அக்கொடையின் ஒரு கிளை நமது மலையகத் தோட்டங்கள் வரை வந்தடைந்தது.

2

ஜோன் டி. ரொக்பெல்லர் 1839இல் நியூயோர்க் மாநிலத்திற் பிறந்தவர். 1855இல், தமது 16ஆம் வயதில், கிளீவ்லாந்து நகரில் உதவிக் கணக்கராகத் தொழில் தொடங்கினார். அக்காலத்தில் அவர் எழுதிவந்த சிறிய கணக்கேட்டில், உணவுக்கும் உறையுளுக்குமான செலவுகளுடன் தேவாலயத்துக்குக் கொடுத்த சில சதங்களும் ஒழுங்காகப் பதியப்பட்டுள்ளன. 1870இல் அவர் நிறுவிய ஸ்டான்டர்ட் ஒயில் கம்பனி, புகையிரதக் கம்பனிகளிடம் இரகசியக் கட்டணக் கழிவுகளைப் பெற்றும் போட்டியாளரை ஒருவர்பின் ஒருவராக விழுங்கியும் வளர்ந்தது. 1880 அளவில் அமெரிக்க எண்ணெய்ச் சுத்திகரிப்பில் ஏறத்தாழ 90 வீதம் அதன் கையில் இருந்தது. செல்வம் பெருகப் பெருக, உதவி கேட்டு வரும் கடிதங்களும் பெருகின. மதப்பற்றுள்ள பப்டிஸ்ற் திருச்சபையினரான ரொக்பெல்லர் அவற்றைத் தாமே படித்துத் தாமே தீர்மானிக்க முயன்று களைத்துப்போனார்.

இந்நிலையிலேயே பிரெடரிக் ரி. கேற்ஸ் என்பவர் இவ்வரலாற்றினுள் நுழைகிறார். 1853இற் பிறந்த இவர் மினியாபொலிஸ் நகரில் மதபோதகராகப் பணியாற்றியவர். அந்நகரின் மாவாலை முதலாளிகளுள் ஒருவரான ஜோர்ஜ் பில்ஸ்பெரி, நோயுற்றிருந்த நிலையில், பப்டிஸ்ற் பாடசாலையொன்றுக்கு 2 இலட்சம் டொலர் விட்டுச்செல்ல விரும்பி அவரிடம் ஆலோசனை கேட்டார். முழுத்தொகையையும் ஒரே முறையிற் கொடுக்கவேண்டாம் என்றார் கேற்ஸ். திருச்சபையினர் 50,000 டொலர் திரட்டினால் அதற்கு ஈடாக 50,000 டொலரை இப்போது கொடுக்கலாம். எஞ்சிய 150,000 டொலரை மரணசாதனத்தில் எழுதிவைக்கலாம் என்பது அவரது யோசனை. பிறரும் பணமிட்டால் அப்பாடசாலையைத் தமதெனக் கருதிக் காப்பர் என்பதே இதிலடங்கிய தருக்கம். நிபந்தனைக் கொடை எனப்படும் இம்முறை பின்னர் பெரும் வழக்காயிற்று. 1889இற் சிக்காகோப் பல்கலைக்கழகத்தை நிறுவுவதற்கு ரொக்பெல்லர் 6 இலட்சம் டொலர் வாக்களித்தபோது, மேலும் 4 இலட்சம் டொலர் பிறரிடமிருந்து திரட்டப்படவேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. அத்தொகையைத் திரட்டியவர்களுள் முதன்மையானவர் கேற்ஸே.

1891இல் ரொக்பெல்லர் அவரைத் தமது நியூயோர்க் அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டார். கேற்ஸ் விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக விசாரித்தார். தனித்தனித் தேவாலயங்களுக்கும் தனியாட்களுக்கும் 'சில்லறையாக' வழங்குவதை நிறுத்தி, அவற்றையெல்லாம் உள்ளடக்கும் பெருந்தாபனங்களுக்கு 'மொத்தமாக' வழங்கும் முறையை நிலைநாட்டினார். அறத்தைக் குறிக்க வணிகச் சொற்களே பயன்பட்டமை கவனத்துக்குரியது.

இங்கு நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி பிறிதொன்றாகும். கொடைகளை விசாரிக்கப் பயணஞ் செய்த கேற்ஸிடம், போகும் வழியிலுள்ள முதலீடுகளையும் பார்த்துவருமாறு ரொக்பெல்லர் கேட்டுக்கொண்டார். அவற்றுட் பல நட்டத்திலும் மோசடியிலும் மூழ்கிக் கிடந்ததை அவர் கண்டறிந்தார். படிப்படியாக முதலீட்டுப் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. மினசோட்டா மாநிலத்தின் மெசாபி இரும்புச் சுரங்கங்கள் 1890களில் ரொக்பெல்லர் வசமாகி, 1901இல் ஐக்கிய அமெரிக்க உருக்குக் கம்பனிக்குப் பெரும் இலாபத்துடன் விற்கப்பட்டமை அவரது திறமையினாலேயாகும். திரட்டலின் பேரேட்டையும் கொடையின் பேரேட்டையும் ஒரே மனிதர் எழுதலானார். நவீன நிதி ஆலோசகரின் பிறப்பு இவ்விரு பேரேடுகளும் ஒரே மேசையிற் கூடிய கணத்திலேயே நிகழ்ந்தது எனலாம்.

3

கேற்ஸின் சிந்தனை தனியொருவர் ஆயுளோடு நின்றுவிடவில்லை. 1905இல் அவர் ரொக்பெல்லருக்கு எழுதிய கடிதமொன்று இவ்வகையில் மிக முக்கியமானது. அக்கடிதத்தின் சாரம் இதுவாகும்: உங்கள் முன் வழிகள் இரண்டே உள்ளன. நீங்களும் உங்கள் பிள்ளைகளும் உயிரோடிருக்கும்போதே இப்பெருஞ் செல்வத்தை நிலையான பொதுத் தாபனங்களாக மாற்றி மனித குலத்துக்கு வழங்கிவிடலாம். இன்றேல் சில ஆயுட்காலங்களின் முடிவில் அது யாருமறியாத கைகளுக்குச் சென்று தீய விளைவுகளையும் தரலாம். செல்வம் பனிச்சரிவுபோல உருண்டு பெருகுவதாகவும், பெருகும் வேகத்தைவிட விரைவாகக் கொடுக்காவிடின் அது பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் நசுக்கிவிடும் என்றும் அவர் எச்சரித்தார்.

இவ்வெச்சரிக்கையின் காலப் பின்னணியை நாம் மறந்துவிடலாகாது. 1889இல் அன்ட்ரூ கார்னெகி, செல்வர் தம் வாழ்நாளிலேயே செல்வத்தைப் பகிர்ந்துவிடவேண்டும் எனக் கட்டுரை எழுதியிருந்தார். தொழிற்சங்கங்களும் சோஷலிச இயக்கமும் வளர்ந்துகொண்டிருந்தன. 1905இலேயே, ரொக்பெல்லர் ஒரு மிஷனரிச் சபைக்கு வழங்கிய 1 இலட்சம் டொலரை, கறைபடிந்த பணம் எனக்கூறி வாஷிங்டன் கிளாடன் முதலிய போதகர்கள் எதிர்த்தனர். அச்சபையே அப்பணத்தை வேண்டிக் கேட்டது என்பது பின்னர் வெளிப்பட்டபோது எதிர்ப்பு ஓய்ந்தது. ஆனால் எழுப்பப்பட்ட வினா ஓயவில்லை.

மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1901இலும், பொதுக் கல்விச் சபை 1902இலும், கொளுக்கிப்புழு ஒழிப்புக்கான சுகாதார ஆணைக்குழு 1909இலும் தோன்றின. ரொக்பெல்லர் அறக்கட்டளைக்கு மத்திய காங்கிரசின் சாசனம் பெற 1910 முதல் எடுக்கப்பட்ட முயற்சி தோல்வியுற்றது. பொதுமக்கள் பிரதிநிதிகளுக்குப் பதில்சொல்லாத பெருநிதியம் ஒன்று நிலையாக இருப்பது குடியாட்சிக்கு ஆபத்தாகும் என்ற ஐயம் அன்றே பலமாக இருந்தது. ஈற்றில் 1913இல் நியூயோர்க் மாநிலச் சாசனத்தின்படி அது நிறுவப்பட்டது.

இதேவேளை இரண்டாந் தலைமுறை பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தது. 1874இற் பிறந்த இளைய ஜோன் டி. ரொக்பெல்லர் 1897இல் தந்தையின் அலுவலகத்திற் சேர்ந்து, கேற்ஸின் பக்கத்திலிருந்தே தொழில் பயின்றார். 1910இல் ஸ்டான்டர்ட் ஒயில் இயக்குநர் பதவியைத் துறந்து கொடைப்பணியையே முழுநேரத் தொழிலாக்கினார். தந்தையின் சொத்திற் பெரும்பகுதி 1917க்குப் பின்னான சில ஆண்டுகளில் அவருக்கு மாற்றப்பட்டது. அவர் தம் பிள்ளைகளுக்கு அளித்த பயிற்சியும் குறிப்பிடத்தக்கது. 1920இல் மூத்த மகனுக்கு வாரத்துக்கு 1 டொலர் 50 சதம் கைச்செலவாக வழங்க, 14 விதிகள் கொண்ட உடன்படிக்கை ஒன்றை எழுதினார். அதன்படி குறைந்தது 20 வீதம் தருமத்துக்கும் 20 வீதம் சேமிப்புக்கும் ஒதுக்கப்படவேண்டும்; ஒவ்வொரு செலவுக்கும் கணக்கு வைக்கப்படவேண்டும். 1855ஆம் ஆண்டின் கணக்கேடு இவ்வாறு குடும்ப வழக்காறாயிற்று. கொடுக்கும் பழக்கம் இரத்தத்தில் ஊறுவதன்று, பயிற்றப்படவேண்டியது என்பதை இக்குடும்பம் நன்கு உணர்ந்திருந்தது.

4

கணக்கேட்டிற் பதியப்படாத ஒன்றை 1914ஆம் ஆண்டு வெளிக்கொணர்ந்தது. கொலராடோ எரிபொருள் இரும்புக் கம்பனியில் ரொக்பெல்லர் குடும்பத்துக்கு ஏறத்தாழ 40 வீதப் பங்கு இருந்தது. அம்முதலீட்டில் கேற்ஸ் முக்கிய பங்கு வகித்தார். கம்பனியின் மேலதிகாரிகளுள் ஒருவரான லமொன்ற் பவர்ஸ் அவருடைய மாமனார் முறையினர், தாயின் சகோதரராவார். 1913 செப்டம்பரில் நிலக்கரித் தொழிலாளர் சங்க உரிமை கோரி வேலைநிறுத்தஞ் செய்து, கம்பனி வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கூடாரங்களில் வாழ்ந்தனர். 1914 ஏப்ரல் 20ஆந் தேதி லட்லோ என்னுமிடத்திற் படையினரும் கம்பனிக் காவலரும் அக்கூடாரங்களைத் தாக்கித் தீயிட்டனர். ஒரு கூடாரத்தின் கீழிருந்த குழியிற் பதுங்கியிருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மாண்டனர். குழந்தைகளின் நோய்களைப் போக்கப் பணம் வழங்கிய அதே மேசையிலிருந்துதான் சங்கத்தை ஏற்கமாட்டோம் என்ற உறுதியும் பிறந்தது.

பிராங் வோல்ஷ் தலைமையிலான கைத்தொழில் உறவுகள் ஆணைக்குழு 1915இல் இளைய ரொக்பெல்லரை விசாரித்ததோடு, அறக்கட்டளையின் நோக்கங்களையும் கேள்விக்குள்ளாக்கியது. கேற்ஸ் இறுதிவரை கம்பனியின் கடும்போக்கையே ஆதரித்தார். இளையவரோ அவரை விட்டு விலகி, பின்னாளிற் கனடியப் பிரதமரான மக்கென்சி கிங்கின் ஆலோசனையை நாடினார். அதன் விளைவாகத் தோன்றிய தொழிலாளர் பிரதிநிதித்துவத் திட்டம் முன்னைய நிலையிலும் மேலானதே. ஆயினும் அது நிருவாகத்தின் நிழலில் அமைந்த சங்கமேயன்றிச் சுதந்திரமான தொழிற்சங்கமன்று. 1935ஆம் ஆண்டின் வாக்னர் சட்டம் இத்தகைய சங்கங்களுக்கு இடமில்லாது செய்தது. ஆலோசகரை மாற்றியதனாற் கொள்கை சிறிது மாறியது. உற்பத்தி உறவு மாறவில்லை.

தொழிலாளரிடமிருந்து உறிஞ்சியதிற் சிறு கூறினைத் திருப்பிக்கொடுத்துவிட்டுத் தம்மை வள்ளல்களாகக் காட்டும் முதலாளிகளைப் பற்றி ஏங்கெல்ஸ் 1845லேயே கடுமையாக எழுதியுள்ளார். லட்லோவின் பின்னணியில் அக்கூற்று மிகையாகத் தோன்றாது. ஆயினும் அதனை மாத்திரம் கூறி அமைந்துவிடுவது வரலாற்றாய்வாகாது. கொடையின் பயன் உண்மையானதா என்பதையும் நாம் நோக்கவேண்டும்.

5

இதற்கு நமது நாட்டின் அனுபவமே தக்க சான்று. மனிதத் துன்பங்களுக்கெல்லாம் மூலம் நோயே என்பது கேற்ஸின் உறுதியான நம்பிக்கை. 1897இல் வில்லியம் ஒஸ்லரின் மருத்துவ நூலைப் படித்ததிலிருந்து அவர் அந்நிலைப்பாட்டையே கொண்டிருந்தார். அமெரிக்கத் தென்மாநிலங்களில் நடத்தப்பட்ட கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் பின்னர் பிரித்தானியக் குடியேற்ற நாடுகளுக்கும் விரிவுற்றது. இலங்கையில் அது 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே தொடங்கப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரே அதன் முதல் இலக்காயினர்.

கொளுக்கிப்புழு வெறுங்காலின் வழியே உடலிற் புகுந்து, குடலிற் தங்கி இரத்தத்தை உறிஞ்சுவது. சோகை, களைப்பு, வேலை செய்யவியலாமை என்பன அதன் விளைவுகள். நோயாளியின் மலத்தினால் மாசுற்ற மண்ணே அது பரவும் களம். ஆகவே மருந்து கொடுத்துப் புழுவை அகற்றுவது பாதி வேலையாகும்; மலசலகூடங்கள் அமைத்து மண்ணைத் தூய்மையாக வைத்திருப்பது மறுபாதி. தோட்டத் துரைமார் முதற்பாதியை வரவேற்றனர். சோகை நீங்கிய தொழிலாளி கூடுதலாக வேலை செய்வானல்லவா? மறுபாதி செலவுக்குரியது. லயன்களில் நெருங்கி வாழ்ந்த குடும்பங்களுக்குப் போதிய மலசலகூடங்கள் கட்டப் பெரும்பாலான தோட்டங்கள் முன்வரவில்லை. எனவே மருந்துண்டு குணமானோர் அதே மண்ணில் நடந்து மீண்டும் நோயுற்றனர். இலங்கையில் ரொக்பெல்லர் கொடையின் வரலாற்றை ஆராய்ந்து சோம ஹேவா 1995இல் வெளியிட்ட நூல் இம்முரண்பாட்டினை விரிவாக எடுத்துக்காட்டுகிறது.

துன்பத்தின் அறிகுறியை விடுத்து மூலகாரணத்தைத் தேடவேண்டும் என்பதே கேற்ஸின் முறையியல். அம்முறையியல் புழுவைக் கண்டது, லயனைக் காணவில்லை. கண்டிருப்பின், மூலதனத்துக்கும் கூலிக்கும் உள்ள உறவைத் தொடவேண்டி வந்திருக்கும். எனினும் அனுபவம் வீண்போகவில்லை என்பதையும் நாம் ஏற்றுக்கொள்ளவேண்டும். தோட்டங்களிற் கற்ற பாடத்தின் வழியே, மருந்தைவிட நோய்த்தடுப்புக்கு முதன்மை தரும் சுகாதாரப் பிரிவு 1926இற் களுத்துறையில் நிறுவப்பட்டது. இலங்கையின் பொதுச் சுகாதார சேவையின் அடித்தளங்களுள் ஒன்றாக அது அமைந்தது. நன்கொடையாகத் தொடங்கியது அரசின் கடமையாக மாறியபோதே அது நிலைபெற்றது என்பது இங்குச் சிந்திக்கத்தக்கது.

6

பிற்காலத் தலைமுறைகளின் வரலாற்றைச் சுருக்கமாகவே கூறலாம். 1916இல் ஐக்கிய அமெரிக்காவில் மரணச் சொத்துவரி விதிக்கப்பட்டபோது அதன் உச்ச வீதம் 10 ஆக இருந்தது. 1935இல் அது 70 ஆயிற்று. 1917 முதல் நன்கொடைக்கு வருமான வரிக் கழிவும் கிடைத்தது. அன்றுதொட்டு வரிச்சட்டத்தை அறிந்த வழக்கறிஞரும் கணக்காளரும் கொடையின் இன்றியமையாத பங்காளராயினர். 1934இல் இளைய ரொக்பெல்லர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நம்பிக்கைப் பொறுப்புச் சொத்துக்களை ஏற்படுத்தினார். 1940இல் ஐந்து சகோதரரும் சேர்ந்து, தமக்கு வரும் விண்ணப்பங்களைக் கூட்டாக ஆராய்வதற்கெனச் சகோதரர் நிதியத்தை நிறுவினர். நான்காந் தலைமுறையையும் சேர்த்துக்கொண்டு 1967இற் குடும்ப நிதியம் தோன்றியது. ரொக்பெல்லர் மையத்தின் 5600ஆம் இலக்க அலுவலகம் இவையனைத்துக்கும் நடுநாயகமாக இருந்தது. 1974இல் நெல்சன் ரொக்பெல்லர் உப ஜனாதிபதிப் பதவிக்கு நியமிக்கப்பட்டபோது, குடும்பத்தின் தலைமை நிதி ஆலோசகரான ரிச்சர்ட்சன் டில்வேர்த் காங்கிரஸ் குழுவின் முன் சாட்சியமளித்தார். 84 பேரின் சொத்து 100 கோடி டொலருக்குச் சற்று மேற்பட்டது என அவர் கூறினார். நான்கு தலைமுறையாகக் கொடுத்த பின்னரும் எஞ்சியது அது.

1969ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம், தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு தொகையைச் செலவிடவேண்டும் என்றும், கொடையாளர் தம் நன்மைக்காக அந்நிதியுடன் கொடுக்கல் வாங்கல் செய்யலாகாது என்றும் விதித்தது. 1910இல் எழுந்த ஐயத்துக்கு அரைநூற்றாண்டின் பின் கிடைத்த பகுதி விடை இதுவெனலாம். 2002இல் இக்குடும்பத்தின் கொடை ஆலோசனைப் பிரிவு தனித் தாபனமாகப் பிரிந்து, பிற குடும்பங்களுக்கும் ஆலோசனை வழங்கத் தொடங்கியது. ஒருகாலத்திற் கேற்ஸ் என்ற ஒருவர் செய்த பணி இன்று ஒரு தொழிற்றுறையாகிவிட்டது.

இவ்வளர்ச்சியின் ஊடே எதிர்பாராத திருப்பமும் நிகழ்ந்தது. ஸ்டான்டர்ட் ஒயிலின் வாரிசுகளுள் மிகப் பெரியதான எக்ஸன்மோபில் கம்பனியின் போக்கை மாற்றவேண்டும் என 2008இல் ரொக்பெல்லர் வழித்தோன்றல்கள் பலர் பங்குதாரர் என்ற முறையில் வற்புறுத்தினர். 2014இற் சகோதரர் நிதியமும் 2016இற் குடும்ப நிதியமும் நிலக்கரி, எண்ணெய் முதலீடுகளிலிருந்து விலகுவதாக அறிவித்தன. காலநிலை மாற்றத்தை முன்னிட்டு எடுக்கப்பட்ட இம்முடிவில், கிளாடன் 1905இல் எழுப்பிய வினா குடும்பத்தினுள்ளிருந்தே மீண்டும் ஒலிப்பதை நாம் கேட்கலாம். பணம் எங்கே செல்கிறது என்பதோடு அது எங்கிருந்து வருகிறது என்பதும் கொடையின் கணக்கிற் சேர்ந்துவிட்டது.

7

இவ்வரலாற்றிலிருந்து ஆலோசகரின் பயன்களாக மூன்றினைத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, அவர் இரக்கத்தை விசாரணைக்கு உட்படுத்துகிறார். வேண்டியவர், வேண்டாதவர் என்ற பாகுபாட்டிலிருந்து கொடையை விடுவிக்கிறார். இரண்டாவது, மரணசாதனத்துக்காகக் காத்திராது வாழ்நாளிலேயே கொடுக்கத் தூண்டுகிறார். மூன்றாவது, இளையோரைப் பொறுப்பாளராகப் பயிற்றி, செல்வத்தை வெறும் உரிமையாகக் கருதும் மனப்பான்மையைத் தளர்த்துகிறார். இவை அற்பமானவையல்ல. மஞ்சட் காய்ச்சலுக்குத் தடுப்பு மருந்து கண்டமைக்காக மக்ஸ் தைலர் 1951இல் நோபல் பரிசு பெற்றார். அவ்வாய்வு ரொக்பெல்லர் அறக்கட்டளையின் ஆய்வுகூடத்திலேயே நிகழ்ந்தது.

ஆனால் ஆலோசகர் குடும்பத்தின் ஊழியர் என்ற நிலை அவரது பார்வைக்கு எல்லை வகுக்கின்றது. கேற்ஸ் அறிவிலோ நேர்மையிலோ குறைந்தவரல்லர். இரு பேரேடுகளும் அவர் கையிலேயே இருந்தன. அவற்றை ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக வைத்துப் படிக்க அவரால் இயலவில்லை. அவ்வாறு படிக்க வைத்தவர்கள் கூடாரங்களில் வாழ்ந்த தொழிலாளரும், ஆணைக்குழுக்களும், சட்டமியற்றுவோரும், நெடுங்காலத்தின் பின் அக்குடும்பத்தின் இளந்தலைமுறையினருமேயாவர். ஆகவே குடும்பமொன்றின் கொடைக்கு வழிகாட்ட முன்வரும் ஆலோசகர், யாருக்குக் கொடுப்பது என்று கேட்பதற்கு முன்னரே, இச்செல்வத்தை ஈட்டித் தந்தோர் யார், அவர்களுக்குச் சேரவேண்டியது சேர்ந்ததா என்ற வினாவை எழுப்பவேண்டும். கொடையைப் பெறுவோரும் தீர்மானிக்கும் மேசையில் அமரவேண்டும். மாத்தளைத் தோட்டமொன்றின் லயனில் வாழ்ந்த தாய் ஒருத்தியிடம் 1916இல் யாரேனும் கேட்டிருந்தால், மருந்தோடு மலசலகூடமும் வேண்டும் என்று அவள் கூறியிருப்பாள். அதனை அறிவதற்கு நிதி நிபுணத்துவம் தேவைப்பட்டிராது.